கவுனிக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுகிறதே, ஏன்?

ஈசூன்காரி எழுதியது:

வணக்கம். இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிற ஆள் நான். இன்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

என் கணவருக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். 2017இல் நம் சிங்கப்பூர்ப் பிரதமர் தேசிய தினப் பேரணி உரையில் ஒன்பது பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னபோது, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து "அந்த ஒருத்தன் நான் இல்லை" என்று சிரித்தவர். போன தடவை பலதுறை மருந்தகத்தில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 7.6 என்று வந்தது. தாதி, "சோத்தைக் கொஞ்சம் குறைங்க அங்கிள்" என்று சொல்லி அனுப்பினார். இவர் தஞ்சாவூர்ப் பக்கம். சோற்றைக் குறைக்கச் சொன்னால் சொத்தில் பங்கு கேட்டதுபோல முகம் போய்விடும்.

அப்போதுதான் என் நாத்தனார் கவுனி அரிசி பற்றிச் சொன்னாள். அந்தக் கறுப்பு நிறமே மருந்தாம், முழுக்க ஆன்டிஆக்ஸிடன்டாம், அந்தக் காலத்தில் ராஜாக்கள் மட்டும் சாப்பிட்டதாம். ராஜாக்கள் யார் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தேக்காவில் ஒரு கடையில் "கறுப்புக் கவுனி சிறுதானியக் கஞ்சி மாவு" என்று அரைக்கிலோ பாக்கெட் 7 வெள்ளி 90 காசுக்குக் கிடைத்தது. பாக்கெட் முழுக்கக் கறுப்பு நெற்கதிர் படம். வாங்கிவந்துவிட்டேன்.

தினமும் காலையில் நாலு மேசைக்கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பத்து நிமிடம் கிளறி இறக்கி, ஆறியதும் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுத்தேன். சர்க்கரை, வெல்லம் எதுவும் கிடையாது. குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்தால் 12.1 மில்லிமோல் (இந்தியக் கணக்கில் சுமார் 218). மறுநாள் 11.6. அதற்கு அடுத்த நாள் 12.4. சரி, காலை நேரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்தேன், 11.2.

மதியம் வழக்கம்போலப் பொன்னிப் புழுங்கல் சோறு, சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், மீன் என்று ஒரு தட்டு சாப்பிட்டால் 9.3, 9.8 இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதாவது வில்லன் என்று நாங்கள் நினைத்த சோறு ஒழுங்காக நடந்துகொள்கிறது, மருந்து என்று வாங்கியது எகிறுகிறது. இவருக்கு இதில் ஒரே கொண்டாட்டம். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று இரண்டு நாளாக வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கிறார்.

ஆன்டிஆக்ஸிடன்ட் சர்க்கரையைக் குறைக்கும் என்பது உண்மையா, வியாபாரமா? கறுப்பு அரிசி, கேழ்வரகு எல்லாம் மெதுவாகச் செரிக்கும் என்கிறார்களே, பிறகு ஏன் இப்படி? இன்னொன்று, வடித்த சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு முழுக்கச் சுற்றுகிறது. அதில் ஏதாவது இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டாம், அடுத்த மாதம் எப்படியும் பார்க்கத்தான் போகிறோம்.

கோப்பி ஓ கொசோங் எழுதியது:

அக்கா, பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள், அதுதான் விதி. அதை அப்படியே இங்கே போடுங்கள். எங்கள் மாமா "சிறுதானிய பிஸ்கட்" என்று ஒரு வருடம் சாப்பிட்டார். முதல் இடத்தில் மைதா, இரண்டாவது சர்க்கரை, சிறுதானியம் உப்புக்கு ஓர் இடம் முன்னால் நின்றது.

ஈசூன்காரி எழுதியது:

கண்ணாடி போட்டுப் பார்த்தேன் தம்பி. முளைகட்டிய கேழ்வரகு, அவல், பொட்டுக்கடலை, கவுனி அரிசி 12 விழுக்காடு, கம்பு, சுக்கு, ஏலக்காய். கவுனிக்கு நாலாவது இடம்! நிறம் மட்டும் எப்படி இவ்வளவு கறுப்பாக வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். கேழ்வரகு நிறமும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது.

சோதனைக்குழாய் எழுதியது:

அம்மா, நான் 27 வருடம் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சியாளன் இல்லை. அவர்கள் சொன்னதை எடைபோட்டு, அரைத்து, குலுக்கி, எண்ணை எழுதிக் கொடுத்தவன். அதனால் எனக்குக் குடுவை தெரிந்த அளவுக்குத் தத்துவம் தெரியாது. அங்கிருந்தே சொல்கிறேன்.

மாவுச்சத்து எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஹான்ஸ் எங்லிஸ்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1992இல் வகுத்தது. சமைத்த உணவைக் குடுவையில் போட்டு, முதலில் வயிற்றில் சுரப்பது போன்ற நொதி, பிறகு கணையத்தில் சுரப்பது போன்ற நொதிகளைச் சேர்த்து, 37 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருப்போம். 20ஆவது நிமிடம் ஒரு சொட்டு, 120ஆவது நிமிடம் ஒரு சொட்டு எடுத்து எவ்வளவு குளுக்கோஸ் வந்திருக்கிறது என்று அளப்போம். முதல் இருபது நிமிடத்தில் வந்தது விரைவாகச் செரிக்கும் மாவுச்சத்து. அதற்கும் இரண்டு மணி நேரத்துக்கும் நடுவில் வந்தது மெதுவாகச் செரிப்பது. அதற்கும் மசியாமல் மிஞ்சுவது சிறுகுடலுக்குத் தப்பிப் பெருங்குடலுக்குப் போவது. அங்கே உள்ள பாக்டீரியாக்களுக்குத்தான் அது சாப்பாடு.

இந்த வேலையைச் செய்து செய்து ஒன்று பழகிப் போனது. நொதியை ஊற்றுவதற்கு முன்பே பாதி முடிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கொண்டைக்கடலையை முழுதாக அவித்து லேசாக நசுக்கிப் போட்டால் இரண்டு மணி நேரம் கழித்தும் மிச்சம் கிடக்கும். அதே கடலையை முதலிலேயே நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிப் போட்டால் இருபதாவது நிமிடத்திலேயே எண் தூக்கிவிடும். கடலை ஒன்றுதான், அதன் நாரும் புரதமும் எங்கும் போய்விடவில்லை. முழுக் கடலையில் ஒவ்வொரு செல்லின் சுவரும் மாவுச்சத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. நொதி அந்தச் சுவருக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாவு மில்லில் நாம் செய்தது அந்தச் சுவரை இடித்ததுதான்.

இப்போது உங்கள் கஞ்சியைப் பாருங்கள். மாவாக அரைத்தாயிற்று. நிறையத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதித்தாயிற்று. மாவுச்சத்துத் துகள் 60 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரைக் குடித்து ஊதி வெடிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் தாராளமாக இருந்தால் ஒன்றுகூடத் தப்பாது. மென்று விழுங்க எதுவும் இல்லை, வயிற்றிலும் தங்காமல் சீக்கிரம் இறங்கிவிடும். அவல் என்பது ஏற்கெனவே ஒருமுறை வெந்து தட்டையானது. இதோடு பட்டியலின் முதல் ஆள், முளைகட்டிய கேழ்வரகு.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அதன் பழுப்புத் தோலில் பாலிஃபீனால்கள், டானின்கள் நன்றாகவே உண்டு. நாக்கில் லேசாகத் துவர்க்கிறதே, அதுதான். இவை செரிமான நொதியைப் பிடித்து அடக்கும் குணம் உடையவை. ஆனால் கேழ்வரகை முளைகட்டினால் டானின் குறையும், தானியத்துக்குள்ளேயே அமைலேஸ் நொதி பெருகும். விதை தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துச் சாப்பிட்டு வளரத் தயாராகிறது, அவ்வளவுதான். அதனால்தான் முளைகட்டிய மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டியாகாமல் நீர்த்து இனிக்கிறது. சாப்பாடு பழகும் குழந்தைக்கு அது வரப்பிரசாதம், சின்ன வயிற்றுக்குள் நிறையச் சத்து போகும், சுலபமாகச் செரிக்கும். உங்கள் வீட்டுக்காரர் குழந்தை இல்லையே.

அடுத்தது ஆன்டிஆக்ஸிடன்ட். இதில் இரண்டு தனித்தனி விஷயங்களை வியாபாரிகள் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். ஒன்று, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி. ஆய்வுக்கூடத்தில் இதை டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலை வைத்துப் பார்ப்போம். தானியச் சாற்றை ஊற்றினால் ஊதா மறைந்து மஞ்சளாகும். எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு சக்தி. பார்க்க வித்தை காட்டியது மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அது குடுவைக்குள் நடப்பது. அமெரிக்க வேளாண்மைத் துறை இதே மாதிரிக் குடுவைச் சோதனை ஒன்றின் அடிப்படையில், எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று ஒரு பெரிய அட்டவணை வைத்திருந்தது. நிறுவனங்கள் அந்த எண்ணைத் தவறாகப் பயன்படுத்தி விளம்பரம் செய்கின்றன, உடலுக்குள் நடப்பதை அது காட்டவில்லை என்று சொல்லி 2012இல் தன் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. இன்னும் பல பாக்கெட்டுகள் அதே எண்ணைப் பிடித்துத் தொங்குகின்றன.

இரண்டாவது விஷயம்தான் உங்களுக்கு வேண்டியது. அதே நிறமிகள் செரிமான நொதிகளைத் தடுக்கின்றனவா? தடுக்கின்றன, அது உண்மை. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோ வெய்பியாவ் குழு, கறுப்பரிசியிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி நிறைந்த சாற்றுப் பொடியை எடுத்து ரொட்டி மாவில் கலந்து சுட்டது. சில வருடத்துக்கு முன் ஊதா ரொட்டி என்று செய்தியில் வந்ததே, அதுதான். மாவில் 4 விழுக்காடு பொடி சேர்த்தபோது செரிமான வேகம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. 200 டிகிரி அடுப்பில் சுட்ட பிறகும் நிறமியில் ஏறக்குறைய 80 விழுக்காடு தங்கியது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அது பிரித்து எடுத்துச் செறிவாக்கிய பொடி. முழு அரிசியில் நிறமி இருப்பது வெளித்தோலில் மட்டும், ஒரு கவுனி அரிசியைக் குறுக்கே கடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைதான். அதையும் நீங்கள் 12 விழுக்காடுதான் வாங்கியிருக்கிறீர்கள். கொதிக்க வைப்பதும் நிறமியைத் தின்றுவிடும். கலிஃபோர்னியாக் கறுப்பரிசியை வைத்து 2009இல் வந்த ஓர் ஆய்வில் சாதாரணப் பாத்திரத்தில் வேகவைத்தால் ஆந்தோசயனின் 65 விழுக்காடு, மின்சோற்றுப் பானையில் 74 விழுக்காடு, பிரஷர் குக்கரில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு போனது. ரொட்டியில் தங்கியது ஏன் என்றால், அடுப்பு 200 டிகிரி காட்டினாலும் ரொட்டியின் உள்பக்கம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, வேகும் நேரமும் குறைவு.

ஆக, நொதியை அடக்குகிற சரக்கு கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி கொதித்துப் போயிற்று, அதற்கு எதிரே முழுக்க அரைபட்டு வெந்து முளைகட்டிய மாவு. யார் ஜெயிப்பார்?

அளந்த விதத்திலும் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒப்பிடக் கூடாது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் பலருக்குக் காலையில் சர்க்கரை எளிதில் ஏறும். மதியம் உங்கள் தட்டில் வெண்டைக்காய், பருப்பு, மீன் எல்லாம் இருந்தன. கஞ்சி தனியாள். ஒரே வேளையில், ஒரே கூட்டுப் பொரியலோடு, எடை பார்த்துப் போட்டு அளந்தால்தான் நியாயம்.

மாவாட்டும் பானு எழுதியது:

நான் பிடோக்கில் வீட்டிலிருந்தே தோசை மாவு ஆட்டி விற்கிறவள். கவுனி தோசை மாவும் விற்கிறேன், அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் மேலே ஐயா சொன்னது சரிதான். கவுனி தோசையும் மாவுதான், கிரைண்டரில் போட்டு இரண்டு மணி நேரம் ஆட்டியதுதான். சர்க்கரைக்கு நல்லதா என்று வாடிக்கையாளர் கேட்டால், "ருசிக்கு வாங்குங்க" என்று மட்டும் சொல்வேன். உளுந்தும் வெந்தயமும் சேர்வதாலும், புளிப்பதாலும் வெறும் கஞ்சியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். புளிப்பு இருந்தால் மாவுச்சத்து கொஞ்சம் தாமதமாகச் செரிக்கும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

அந்தப் புளிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டிய உடனே மாவு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். ராத்திரி முழுக்கப் பொங்கிய பிறகு திறந்தால் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். முதல் தடவை மாவு கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, புளிப்புப் பட்டால் அந்த நிறமி சிவக்குமாம். எலுமிச்சை பிழிந்தாலும் அப்படித்தான்.

அக்கா, கவுனியைச் சாப்பிட ஆசையென்றால் மாவாக வேண்டாம், முழு அரிசியாக வாங்குங்கள். ராத்திரியே கழுவி ஊறப்போட வேண்டும், எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேகாது. ஊறின தண்ணீர் மை மாதிரி இருக்கும், அதைக் கொட்டாதீர்கள், நிறமி அதிலும் நிறையக் கிடக்கும். அந்தத் தண்ணீரிலேயே வேகவையுங்கள். பொன்னியோடு ஒன்றாகப் போட்டால் பொன்னி குழைந்து கவுனி முறைத்துக்கொண்டிருக்கும். தனியாக முக்கால் வேக்காடு எடுத்து, அப்புறம் கழுவின பொன்னிப் புழுங்கலோடு சேர்த்துப் பானையில் போட்டால் சரியாக வரும். நாங்கள் நாலு பங்கு புழுங்கலுக்கு ஒரு பங்கு கவுனி போடுவோம். இதற்கு மேல் போட்டால் என் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈரச்சந்தையில் கிடைக்கும் புலுட் ஹித்தாம் அரிசியும் கறுப்புதான், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். அது பாயசத்துக்கான பிசின் அரிசி. தேங்காய்ப் பாலும் குலா மலாக்கா வெல்லப்பாகும் ஊற்றிச் சாப்பிட அதைவிட நல்லது உலகத்திலேயே கிடையாது, ஆனால் சர்க்கரைக்காரருக்கு அதை "கறுப்பரிசி, நல்லது" என்று ஊட்டாதீர்கள். கவுனியே கொஞ்சம் ஒட்டுகிற ரகம்தான், செட்டிநாட்டில் அதைக் கல்யாணத்துக்கு இனிப்பாகத்தானே செய்கிறார்கள்!

சோதனைக்குழாய் எழுதியது:

பானு சொன்ன பிசின் அரிசி விஷயம் முக்கியம். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் நூல் மாதிரி நீளம், அமைலோபெக்டின் முருங்கை மரம் மாதிரி கிளை கிளையாக. ஒவ்வொரு கிளை நுனியிலும் நொதி உட்கார்ந்து வெட்டலாம், அதனால் அது சட்டென்று கரையும். பிசின் அரிசியில் அமைலோஸ் அனேகமாக இல்லவே இல்லை. சோறு உதிரி உதிரியாக வந்தால் பெரும்பாலும் அமைலோஸ் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொன்னிப் புழுங்கல் உங்கள் வீட்டில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கும் காரணம் உண்டு. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம்தான் அரைக்கிறார்கள். அந்த அவியலில் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, ஆறும்போது மறுபடி இறுகிக்கொள்கிறது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினும் உள்ளே இறங்கிவிடுகிறது. பச்சரிசியோடு ஒப்பிட்டால் புழுங்கல் பொதுவாக மெதுவாகச் செரிக்கும். நாத்தனார் இதற்கு ராஜா கதை ஏதும் சொல்லவில்லையா?

இரவுப்பணி எழுதியது:

குளிர்சாதனப் பெட்டிச் சோறு பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். நான் தாதி. வார்டில் நோயாளிகளின் உறவினர்கள் வாரம் ஒருவராவது இதைக் கேட்பார்கள்.

அதில் உண்மை இருக்கிறது. ஆறும்போது அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகி, செரிக்காத வகையாக மாறும். சூடாக்கினாலும் எல்லாம் பழையபடி அவிழ்வதில்லை. 2015இல் இந்தோனேசியாவில் 15 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 100 கிராம் சூடான வெள்ளைச் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம். 24 மணி நேரம் 4 டிகிரியில் வைத்து மறுபடி சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவதும் ஓரளவு குறைந்தது. ஆனால் எண்ணைப் பாருங்கள் அக்கா, கூடியது ஒரு கிராம். "சர்க்கரை ஏறாது" என்று வாட்ஸ்அப் சொல்வதற்கும் இதற்கும் வெகுதூரம். மறுநாள் சோறுதானே என்று ஓர் அகப்பை கூடப் போட்டால் அந்த ஒரு கிராம் எங்கே போனது என்றே தெரியாது.

நான் கவலைப்படுவது வேறு. வடித்த சோற்றை அடுப்பு மேடையில் மூடி வைத்து, ராத்திரி படுக்கப் போகும்போதுதான் பெட்டிக்குள் வைக்கும் வீடுகள் நிறைய. நம் ஊர் வெக்கையில் அது ஆபத்து. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து சோறு கொதிப்பதில் சாகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தட்டையான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள்.

அப்புறம் சாப்பிடும் வரிசை. முதலில் காய், அடுத்து மீன் அல்லது முட்டை, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று இங்கே சிங்கப்பூரிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். காசு செலவில்லை. ஆனால் நம் ஆட்கள் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துவிடுவார்களே, அதுதான் கஷ்டம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இதையெல்லாம் தைரியமாகச் செய்து பார்க்கலாம். கிளிப்பிசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றை அதிகம் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், அவர்கள் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

ஈசூன்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. சோதனைக்குழாய் ஐயா சொன்னபடி நியாயமாக அளந்தேன்.

முதலில் தராசு. பேரங்காடியில் 15 வெள்ளிக்குச் சமையல் தராசு ஒன்று வாங்கி, வழக்கமாக இவர் போட்டுக்கொள்ளும் சோற்றை எடைபோட்டேன். 340 கிராம். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டதைச் சேர்க்காமல். "தராசு புதுசு, சரியா காட்டாது" என்றார். ஒரு கிலோ சீனி பாக்கெட்டை மேலே வைத்துக் காட்டினேன், பேசவில்லை.

அதற்கப்புறம் மதியம் மட்டும், 180 கிராம் சோறு. காய் இரண்டு பங்கு, அது முதலில். மீனோ முட்டையோ அடுத்து. நாலு நாள் வெறும் பொன்னிப் புழுங்கல்: 8.2, 8.8, 7.9, 8.5. நாலு நாள் பானு சொன்ன கணக்கில் முழுக் கவுனி கலந்து: 8.4, 7.8, 8.1, 8.3. ஒரு நாள் கஞ்சி மாவை அதே காயோடும் மீனோடும், மதியத்திலேயே: 10.4. அதற்கு மேல் கஞ்சியைச் சோதிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆக கவுனியால் பெரிய வித்தியாசம் என்று என் நோட்டில் எதுவும் தெரியவில்லை. அரைப்பதை நிறுத்தியதும், அளவும், காயும்தான் வேலை செய்திருக்கின்றன. ஆனாலும் வாரம் இரண்டு நாள் கவுனி தொடர்கிறது, ஏனென்றால் இவருக்கு அந்தக் கடுக்கென்ற கடி பிடித்துப்போய்விட்டது. மென்று சாப்பிடுவதால் முன்னைவிட நேரமாகிறது, இரண்டாம் தடவை கேட்பதற்குள் எனக்குப் பாத்திரம் கழுவிவிட முடிகிறது. ஊறின தண்ணீரைக் கொட்டாதே என்றாரே பானு, ஒருநாள் மறந்துபோய்க் கொட்டிவிட்டேன், வெள்ளைத் தொட்டியில் ஊதாக்கறை இன்னும் போகவில்லை.

குளிர்சாதனப் பெட்டிச் சோற்றை இவரிடம் சொன்னேன். பழைய சோற்றுக்கு இவ்வளவு விஞ்ஞானமா, எங்கள் ஆத்தா மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்து விடியற்காலையில் வெங்காயத்தோடு கொடுக்குமே என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடியது. அதைச் சாப்பிட்டுவிட்டு வயலில் இறங்கினீர்கள், இப்போது மின்தூக்கியில் இறங்குகிறீர்கள் என்றதும் சிரித்துவிட்டார்.

மீதி இருந்த கஞ்சி மாவைச் செங்காங்கிலிருந்து வந்த மகள் எடுத்துக்கொண்டு போனாள். பேரனுக்கு ஒன்றரை வயது. பாலில் காய்ச்சிக் கொடுத்தாளாம், கிண்ணத்தை நக்குகிறானாம்.